ஆமை போற பாதை தெரியுது... படகு விலகுமா? வானத்தில் இருந்து வரைபடம் போடும் விஞ்ஞானிகள்

கூடுவாஞ்சேரி:

2025-ம் ஆண்டு பொங்கல் சமயம். பிள்ளைகளை கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு போன பலருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. மெரினா, பெசன்ட் நகர், நீலாங்கரை, கோவளம் என்று போன இடமெல்லாம் மணலில் ஆமைகள் செத்துக்கிடந்தன. ஒன்று, இரண்டு அல்ல. அந்த சீசனில் சென்னையிலும் சுற்றுவட்டார கடற்கரையிலும் செத்து ஒதுங்கிய ஆமைகள் ஆயிரத்தை தாண்டின.

எல்லாமே ஆலிவ் ரிட்லி ஆமைகள். நம்ம மீனவர்கள் 'பங்குனி ஆமை' என்று சொல்வார்களே, அதுதான். பல ஆமைகளுக்கு கண் பிதுங்கி இருந்தது. கழுத்து வீங்கி இருந்தது. அறுத்துப் பார்த்த டாக்டர்கள், மூச்சு முட்டி, தண்ணீரில் மூழ்கி செத்ததற்கான அடையாளம் இருப்பதாக சொன்னார்கள்.

அட, கடலிலேயே வாழும் ஆமை தண்ணீரில் மூழ்கி சாகுமா? சாகும். அது எப்படி என்பதையும், அதை தடுக்க விஞ்ஞானிகள் வானத்தில் இருந்து எப்படி வரைபடம் போடுகிறார்கள் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

நமக்கு என்ன சம்பந்தம்?

'கடல் எங்கேயோ இருக்கு, ஆமை செத்தா கூடுவாஞ்சேரிக்கு என்ன?' என்று கேட்கலாம். வண்டலூர் - கேளம்பாக்கம் ரோடு வழியாக போனால் இங்கிருந்து கோவளம் கடற்கரை சுமார் 30 கி.மீ. தான். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் நாம் பேரம் பேசி வாங்கும் வஞ்சிரமும் சங்கராவும் இறாலும் கடலில் இருந்துதான் வருகின்றன. அந்த மீனை பிடிக்கும் வலையில்தான் ஆமையும் சிக்குகிறது.

இன்னொரு சம்பந்தமும் இருக்கிறது. நமக்கு பக்கத்து ஊரான வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலை வன உயிரின பாதுகாப்பு நிறுவனம் இயங்குகிறது. நம்மில் பலர் மிருகக்காட்சி சாலையோடு திரும்பி வந்துவிடுவதால் இது தெரிவதில்லை. 2025-ல் ஆமைகள் செத்து ஒதுங்கிய பிறகு, ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கு சேட்டிலைட் கருவி பொருத்தி அவை போகும் பாதையை கண்டுபிடிக்கும் ஆய்வை தமிழக அரசு அறிவித்தது. டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனமும் வண்டலூர் நிறுவனமும் சேர்ந்து செய்கிற வேலை இது.

மூச்சு முட்டும் மரணம்

மீனுக்கு செவுள் உண்டு. தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடும். ஆமைக்கு செவுள் கிடையாது. நம்மைப்போல நுரையீரல்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து தலையை நீட்டி காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி கீழே போக வேண்டும். சும்மா தூங்கும்போது மணிக்கணக்கில் கூட தாக்குப்பிடிக்கும். ஆனால் வலையில் மாட்டி உதறி போராடும்போது, இருக்கிற மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். முக்கால் மணி நேரம் தாண்டுவதே கஷ்டம்.

விசைப்படகின் இழுவலையை 2, 3 மணி நேரம் விடாமல் இழுப்பார்கள். ஆரம்பத்திலேயே ஆமை உள்ளே போய்விட்டால், வலையை தூக்கும்போது அது செத்திருக்கும். யாரும் வேண்டுமென்று கொல்வதில்லை. ஆமையால் படகுக்காரருக்கு பத்து பைசா லாபம் கிடையாது. செத்ததை தூக்கி கடலில் போடுகிறார்கள். அலை அதை கரைக்கு கொண்டு வருகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டத்தில் இந்த ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ, அதேதான் இதற்கும். கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கரையில் இருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கி.மீ. தூரத்துக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக்கூடாது என்ற விதியும் தமிழகத்தில் இருக்கிறது.

அப்புறம் எப்படி ஆயிரம் ஆமை செத்தது? இங்கேதான் சிக்கல்.

செத்தது எங்கே?

கரையில் ஒதுங்கிய ஆமை அங்கேயே செத்தது அல்ல. கடலில் எங்கோ செத்து, வயிறு உப்பி, மிதந்து, நீரோட்டத்திலும் காற்றிலும் அடித்து வரப்படுகிறது. கோவளத்தில் ஒதுங்கிய ஆமை கோவளம் கடலில் செத்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

அதனால் ஒவ்வொரு வருஷமும் ஒரே சண்டை. 'விசைப்படகுதான் காரணம்' என்று ஒரு பக்கம். 'நாங்க ஆழத்துல மீன் பிடிக்கிறோம், வெளியூர் படகு வந்து பண்ணுது' என்று இன்னொரு பக்கம். பைபர் படகிலும் கட்டுமரத்திலும் போகும் சின்ன மீனவர்கள் மேலும் பழி விழுகிறது. 2025-ல் தேசிய பசுமை தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. வனத்துறை, மீன்வளத்துறை, கடலோர காவல்படை, கடலோர போலீஸ் எல்லாம் சேர்ந்த தனிப்படையும் அமைக்கப்பட்டது. ஆனால் இவ்வளவு பெரிய கடலில் எந்த இடத்தில் காவல் நிற்பது? எந்த தேதியில் நிற்பது?

இதற்கு பதில் வேண்டும் என்றால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஆமை எங்கே இருக்கிறது? படகு எங்கே இருக்கிறது? இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும்.

வில்லை சொன்ன கதை

முதலில் ஆமையை கண்டுபிடிப்பதை பார்ப்போம். பழைய முறை ஒன்று உண்டு. முட்டை போட கரைக்கு வரும் ஆமையின் துடுப்பு போன்ற முன்காலில் நம்பர் போட்ட உலோக வில்லையை மாட்டி விடுவார்கள். மறுபடி எங்காவது அந்த ஆமை கிடைத்தால் நம்பரை வைத்து தெரிந்துகொள்ளலாம்.

2021 மார்ச் மாதம் ஒடிசா மாநிலம் கஹிர்மாதா கடற்கரையில் ஒரு ஆமைக்கு 03233 என்ற நம்பர் மாட்டி விட்டார்கள். 2025 ஜனவரியில் அந்த ஆமை எங்கே வந்து முட்டை போட்டது தெரியுமா? மகாராஷ்டிராவில், ரத்னகிரி மாவட்டம் குஹாகர் கடற்கரையில்! கிழக்கு கடற்கரையில் முட்டை போட்ட ஆமை, சுமார் 3,500 கி.மீ. கடந்து மேற்கு கடற்கரைக்கு போயிருக்கிறது. விஞ்ஞானிகளே அசந்து போனார்கள். கிழக்கில் முட்டை போடுவது வேறு கூட்டம், மேற்கில் போடுவது வேறு கூட்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள்.

ஆனால் இந்த வில்லையில் ஒரு குறை. பஸ் டிக்கெட் மாதிரி, எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று மட்டும்தான் சொல்லும். நடுவில் எந்த வழியாக போனது? பாம்பன் பக்கமா, இலங்கையை சுற்றியா? எத்தனை நாள் எங்கே தங்கியது? அது தெரியாது. வலையில் சிக்குவது அந்த நடுவழியில்தான்.

முதுகில் ஒரு பெட்டி

அதற்குத்தான் சேட்டிலைட் கருவி. கையில் அடங்கும் சின்ன பெட்டி, மேலே ஒரு குட்டி ஆன்டெனா. முட்டை போட்டுவிட்டு கடலுக்கு திரும்பும் ஆமையை நிறுத்தி, ஓட்டை சுத்தம் செய்து, உறுதியான பசை போட்டு முதுகில் ஒட்டி விடுவார்கள். ஓட்டில் ஓட்டை போடுவது கிடையாது. ஆமைக்கு வலியும் கிடையாது.

ஆமை தண்ணீருக்குள் இருக்கும்போது பெட்டி தூங்கும். உப்புத்தண்ணீர் பட்டுக்கொண்டு இருக்கும் வரை சிக்னல் அனுப்பாது. பேட்டரி மிச்சம். மூச்சு விட ஆமை மேலே வந்ததும், பெட்டியும் விழித்துக்கொண்டு சிக்னல் அனுப்பும்.

அந்த சிக்னலை பிடிப்பது ஆர்கோஸ் என்ற ஏற்பாடு. அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து 1978-ல் தொடங்கியது. இதன் கருவிகளை சுமந்த சேட்டிலைட்டுகள் சுமார் 850 கி.மீ. உயரத்தில், சுமார் 100 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியை சுற்றி வருகின்றன.

சேட்டிலைட்டுக்கு ஆமை இருக்கும் இடம் எப்படி தெரியும்? இதை புரிந்துகொள்ள கூடுவாஞ்சேரி ரயில் நிலைய பிளாட்பாரமே போதும். நிற்காமல் பறக்கும் எக்ஸ்பிரஸ் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று கேட்கும். நம்மை தாண்டியதும் அதே சத்தம் சட்டென்று கனத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், ரயில் எந்த நொடியில் தாண்டியது என்று சொல்லிவிடலாம். இங்கே ஓடுவது சேட்டிலைட். ஆமையின் சிக்னல் அதற்கு முதலில் கீச்சென்றும் பிறகு கனத்தும் வருகிறது. அந்த மாற்றத்தை கம்ப்யூட்டரில் கணக்கு போட்டு, ஆமை இருக்கும் இடத்தை கண்டுபிடிக்கிறார்கள். சில நூறு மீட்டரில் இருந்து சில கிலோமீட்டர் வரை முன்னே பின்னே இருக்கும். தரையில் ஆமை இருப்பது போலவோ, ஒரே நாளில் நம்ப முடியாத தூரம் போனது போலவோ காட்டும் புள்ளிகளை தள்ளிவிடுவார்கள். மிச்ச புள்ளிகளை கோடு போட்டு இணைத்தால், அதுதான் ஆமையின் பாதை.

ஊர் சுற்றிய பாகேஸ்ரீ

இந்தியாவில் இது புதுசு அல்ல. 2001-லேயே ஒடிசாவில் 4 ஆமைகளுக்கு இந்திய வன உயிரின நிறுவனம் கருவி பொருத்தியது. அதில் ஒன்று இலங்கை கடல் வரை வந்தது. 2007-ல் இருந்து இன்னும் பல ஆமைகளுக்கு பொருத்தினார்கள். ஒடிசாவில் முட்டை போட்டுவிட்டு தெற்கே வருகிற ஆமைகளுக்கு ஆந்திரா, தமிழ்நாடு, இலங்கை கடல்தான் நெடுஞ்சாலை என்பது அப்போதே தெரிந்தது.

2022-ல் மகாராஷ்டிராவிலும் தொடங்கினார்கள். 2023 பிப்ரவரியில் குஹாகரில் கருவி பொருத்தி விடப்பட்ட ஒரு ஆமைக்கு பாகேஸ்ரீ என்று பெயர் வைத்தார்கள். அது கோவா, கர்நாடகா, கேரளா என்று தெற்கே இறங்கி, இலங்கையை சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் இரண்டு நாட்டு கடலில் உலா!

சிக்கல்களும் உண்டு. ஒரு கருவியின் விலை லட்சக்கணக்கில். மாதக்கணக்கில்தான் உழைக்கும். பசை விட்டாலோ, பேட்டரி தீர்ந்தாலோ அவ்வளவுதான். கருவி மாட்டுவது பெரும்பாலும் பெண் ஆமைகளுக்குத்தான். காரணம், ஆண் ஆமை கரைக்கே வருவதில்லை. அதனால் நான்கைந்து ஆமை போன வழியை மட்டும் வைத்து மொத்த கூட்டத்துக்கும் முடிவு கட்ட முடியாது. பல வருஷம், பல ஆமை வேண்டும்.

மனை மேப் மாதிரி

சரி, பாதை தெரிந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது? இங்கேதான் வரைபட தொழில்நுட்பம் வேலை செய்கிறது.

நம்ம ஏரியாவில் மனை வாங்கிய அனுபவம் நிறைய பேருக்கு உண்டு. புரோக்கர் கலர் கலராக லே-அவுட் காட்டுவார். விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? சர்வே வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஏரி எங்கே, கால்வாய் எங்கே, வழி எங்கே என்று பொருத்திப் பார்ப்பார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால்தான், மனை ஏரிக்குள் இருக்கிற சங்கதி தெரியும்.

ஆமை விஷயத்திலும் அதேதான். கம்ப்யூட்டரில் முதலில் கடல் வரைபடம். ஆழம் எவ்வளவு என்று ஒரு அடுக்கு. அதன் மேல் ஆமை போன பாதை. அதற்கு மேல் தண்ணீரின் சூடு, நீரோட்டம். அப்புறம் கரையில் முட்டை கிடைத்த இடங்கள். செத்து ஒதுங்கிய இடமும் தேதியும். எல்லாவற்றுக்கும் மேலே, படகுகள் மீன் பிடித்த இடங்கள்.

இந்த அடுக்குகள் எங்கே ஒன்றாக குவிகின்றனவோ, அதுதான் ஆபத்தான இடம். நீரோட்டத்தையும் காற்றையும் பின்னோக்கி கணக்கு போட்டால், கோவளத்தில் ஒதுங்கிய ஆமை ஏறக்குறைய எந்த பக்கத்தில் இருந்து மிதந்து வந்தது என்றும் சொல்ல முடியும்.

கரையில் முட்டை கிடைத்த இடங்களின் கணக்கு நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. 1970-களில் இருந்தே சென்னை கடற்கரையில் ராத்திரி நடந்து ஆமை முட்டைகளை காப்பாற்றி வருகிறார்கள். 1988-ல் இருந்து மாணவர்கள் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு இந்த வேலையை செய்கிறது. நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராத்திரி நடை. ஒரு குழியில் 100-க்கும் மேல் முட்டை இருக்கும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். 2024-ல் மட்டும் தமிழகம் முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்டன.

கேட்க சந்தோஷம்தான். ஆனால் ஆயிரம் குஞ்சு கடலுக்கு போனால் ஒன்று வளர்ந்து ஆளாவதே பெரிய விஷயம் என்கிறார்கள். அப்படி வளர்ந்து முட்டை போட வருகிற தாய் ஆமைதான் வலையில் செத்து ஒதுங்குகிறது. அந்த கணக்கில் பார்த்தால், ஆயிரம் தாய் ஆமை என்பது பத்து லட்சம் குஞ்சுகளில் தப்பிப் பிழைத்தது. கரையில் காப்பாற்றி கடலில் கோட்டைவிட்டால் என்ன பயன்?

படகிலும் பெட்டி

இனி படகு பக்கம் வருவோம். ஆமை முதுகில் பெட்டி இருப்பது போல, படகிலும் சேட்டிலைட் பெட்டி வந்துவிட்டது. 'டிரான்ஸ்பாண்டர்' என்று பெயர். இஸ்ரோ தொழில்நுட்பத்தில் செய்தது. 2024 ஆகஸ்ட் மாதம் நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளுக்கு ரூ.364 கோடி செலவில் இதை இலவசமாக பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது.

இதில் மீனவருக்கும் லாபம் உண்டு. செல்போன் டவர் எட்டாத நடுக்கடலில் இருந்தும் 'ஆபத்து' என்று தகவல் அனுப்பலாம். புயல் எச்சரிக்கை கரையில் இருந்து வரும். கடல் எல்லையை நெருங்கினாலும் தெரிந்துகொள்ளலாம்.

கூடவே, படகு எங்கே இருக்கிறது என்பது கரையில் இருப்பவர்களுக்கும் தெரியும். இதுதான் மீனவர்களுக்கு பயம். மீன் எங்கே கிடைக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக காப்பாற்றிய தொழில் ரகசியம். அது வெளியே போய்விடுமோ? அதிகாரி கையில் சிக்கி அபராதம் கட்ட வேண்டி வருமோ? இந்த பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 5 கடல் மைலுக்கு உள்ளே வராத படகுக்காரருக்கு இந்த பெட்டிதான் சாட்சி. 'நான் அங்கே இல்லை' என்று வரைபடத்தை காட்டலாம். யாரோ செய்த தப்புக்கு மொத்த துறைமுகமும் கெட்ட பெயர் எடுக்க வேண்டியதில்லை.

கடலை பூட்ட வேண்டாம்

'ஆமையை காப்பாற்ற கடலை மூடினால் எங்க வயித்துக்கு என்ன வழி?' மீனவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஏற்கனவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு தடைக்காலம் இருக்கிறது. நிவாரணமாக குடும்பத்துக்கு ரூ.8 ஆயிரம் தருகிறார்கள். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு?

இதில் ஒன்றை கவனிக்க வேண்டும். தடைக்காலம் தொடங்குவது ஏப்ரல் பாதியில். ஆமைகள் அதிகமாக செத்து ஒதுங்குவது ஜனவரி, பிப்ரவரியில். அதாவது கடலுக்கு தடை போட்டிருக்கும்போது, ஆமைக்கு ஆபத்தான நேரம் முடிந்தே போயிருக்கும். தேதி பொருந்தவில்லை.

ஒடிசாவில் வேறு வழி. அங்கே தாம்ரா, தேவி, ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய கடலில் நவம்பர் 1 முதல் மே 31 வரை 7 மாதம் மீன்பிடி தடை. ஆமைக்கு நல்லது. மீனவருக்கு பெரிய அடி.

வரைபடம் வந்தால் நடுவழி ஒன்று பிறக்கும். மொத்த கடலையும் மூட வேண்டாம். ஆமை கூட்டம் இருக்கும் இடத்தை மட்டும், அது இருக்கும் நாட்களில் மட்டும் விட்டு விலகினால் போதும். ஆமை நகர்ந்தால் தடையும் நகரும்.

நடக்கிற காரியமா? வெளிநாட்டில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹவாய் தீவில் தூண்டில் கயிறு போட்டு மீன் பிடிக்கும் படகுகளில் பெருந்தலை ஆமைகள் சிக்கின. ஒரு வருஷத்துக்கு 17 ஆமைக்கு மேல் சிக்கக்கூடாது என்று அரசு கறார் காட்டியது. 2006-ல் மார்ச் மாதத்திலேயே கணக்கு 17-ஐ தொட்டதால், மிச்ச மாதங்களுக்கு தொழிலையே மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஆமைகளின் சேட்டிலைட் பாதையையும் கடல் தண்ணீரின் சூட்டையும் சேர்த்துப் பார்த்து, 'இந்த பட்டையில் ஆமை இருக்கும், விலகிப் போங்கள்' என்று மீனவர்களுக்கு வரைபடம் கொடுக்கத் தொடங்கினார்கள். கட்டாயம் இல்லை, யோசனைதான். ஆமை சிக்கினால் தொழில் மூடும் என்பதால், வரைபடத்தை பார்ப்பது மீனவருக்கே லாபம்.

நமக்கு பக்கத்து நாடான இலங்கையில் கப்பலே வழி விட்டிருக்கிறது. தெற்கே தெய்வேந்திரமுனைக்கு அருகில் நீலத்திமிங்கலங்கள் உலாவும் இடமும் சரக்கு கப்பல் போகும் பாதையும் ஒன்றாக இருந்ததால், கப்பல் மோதி திமிங்கலங்கள் செத்தன. கப்பல் பாதையை சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று ஆய்வாளர்கள் வரைபடம் போட்டு காட்டினார்கள். 2022-ல் உலகின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான எம்.எஸ்.சி. தானாகவே பாதையை தள்ளிக்கொண்டது.

நம் மீனவர்களுக்கும் சேட்டிலைட் வரைபடம் புதுசு இல்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், தண்ணீரின் சூட்டையும் பச்சையத்தையும் வானத்தில் இருந்து அளந்து, 'இன்று மீன் இங்கே கிடைக்கலாம்' என்று தகவல் கொடுக்கிறது. அதே தகவலோடு 'ஆமை இங்கே இருக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வலையில் ஒரு ஜன்னல்

வரைபடம் மட்டும் போதாது என்பதும் உண்மை. ஆமை எதிர்பாராமல் வலைக்குள் போய்விட்டால் தப்பிக்க வழி வேண்டும். அதற்கு 'டெட்' என்ற கருவி இருக்கிறது. இழுவலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பி சட்டம். இறாலும் சின்ன மீனும் கம்பி இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்தில் உள்ள திறப்பு வழியாக வெளியே போய்விடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் நம் நாட்டு வலைக்கு ஏற்ற மாதிரியும் இதை செய்து கொடுத்திருக்கிறது.

'பெரிய மீனும் அந்த வழியா ஓடிடுதே' என்பது படகுக்காரர்கள் குறை. ஆனால் போடாமல் விட்டதாலும் நஷ்டம் வந்தது. ஆமைக்கு பாதுகாப்பு இல்லை என்று சொல்லி, கடலில் பிடித்த இந்திய இறாலை 2019-ல் இருந்து அமெரிக்கா வாங்க மறுத்தது. ஆமை செத்தால் அடி விழுவது கடைசியில் மீனவர் பாக்கெட்டில்தான்.

வழி மறித்தால்...

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதை புரியவைக்க நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். அடையாறும் அதில் சேரும் ஓடைகளும் காலகாலமாக ஓடிய வழி பழைய வரைபடத்தில் இருந்தது. நாம்தான் பார்க்கவில்லை. தண்ணீர் மறக்கவில்லை.

ஆமையும் அப்படித்தான். பூமியின் காந்த சக்தியை வைத்து வழி கண்டுபிடித்து, தான் பிறந்த கடற்கரை பக்கமாகவே முட்டை போட வருகிறது. நாம் வலை விரிப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே போட்ட பாதை அது. வழியை மாற்றிக்கொள்ள அதற்கு தெரியாது. மாற்றிக்கொள்ள வேண்டியது நாம்தான்.

நாம என்ன செய்யலாம்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கோவளம், மாமல்லபுரம் பக்கம் ராத்திரியில் போகிறவர்கள் கரையேறும் ஆமையை பார்த்தால் செல்போன் லைட் அடிக்காதீர்கள். பிளாஷ் போட்டு படம் எடுக்காதீர்கள். வெளிச்சத்தை பார்த்து மிரண்டு, முட்டை போடாமலேயே திரும்பிவிடும். குஞ்சுகள் கடல் பக்கத்து வெளிச்சத்தை நம்பித்தான் போகின்றன. லைட் அடித்தால் ரோட்டு பக்கம் போய்விடும்.

முட்டை குழியை தோண்டாதீர்கள். செத்த ஆமையை பார்த்தால் இடத்தையும் தேதியையும் குறித்து வனத்துறைக்கு சொல்லுங்கள். செத்த ஆமை என்று அலட்சியமாக விடாதீர்கள். நீங்கள் சொல்லும் இடமும் தேதியும் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளியாக சேரும். எந்த நாளில் எந்த இடத்தில் காவல் நிற்பது என்று முடிவு செய்ய அந்த புள்ளி உதவும்.

ஆமை தன் பங்குக்கு முதுகில் பெட்டியை சுமந்து வழியை காட்டுகிறது. அதை பார்த்து படகை திருப்புவது மனுஷன் கையில் இருக்கிறது.